எந்தக் குமாரசுவாமி?

இலங்கையின் பழைய சட்டநிரூபண சபையில் தமிழருக்கென்று ஓர் ஆசனந்தான் இருந்தது. அந்த ஓர் ஆசனத்தில் மூன்று குமாரசுவாமிகள் அமர்ந்திருக்கிறார்கள். 1835இல் ஒருவர், 1862இல் ஒருவர், 1893இல் ஒருவர். மூவரும் ஒரே குடும்பம். அதே குடும்பத்தின் நான்காவது குமாரசுவாமி சபைப் பக்கமே போகாதவர், ஆனால் உலகம் அறிந்தவர். ஐந்தாவதாக ஒரு குமாரசுவாமி, சுன்னாகத்துப் புலவர்.

அட்டனிலிருந்து பதுளை வரை நம் பாடசாலைகளில் விழா மலர், சுவர்ப் பத்திரிகை, வினாவிடைப் போட்டி என்று எது நடந்தாலும் இந்த ஐவரும் ஒருவராகிவிடும் ஆபத்து இருக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பெயரை மட்டும் கொடுத்து "இவரைப் பற்றி எழுது" என்றால், கையில் கிடைத்த குமாரசுவாமியைத்தான் எழுதுவார்கள். ஒரே பெயருள்ள வரலாற்று மனிதர்களை எப்படிப் பிரித்து அறிவது, எந்த இடத்தில் தவறு நுழைகிறது என்பதை ஆசிரியர்களுக்கும் உயர்தர மாணவர்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன். குமாரசுவாமிகளிடமிருந்தே தொடங்குவோம். அவர்களைப் பிரிக்கத் தெரிந்தால் மற்றவர்கள் எளிது.

முதலாமவர் ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி. பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பம். அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து முதலியார் பட்டம் பெற்றவர். 1835இல் சபையில் தமிழருக்கான முதல் உறுப்பினரானார். 1836இல் இறந்துபோனார்.

இரண்டாமவர் அவருடைய மகன், சேர் முத்து குமாரசுவாமி. 1834இல் பிறந்தவர். லிங்கன்ஸ் இன்னில் படித்துப் பாரிஸ்டர் ஆனவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் தந்தார். 1862 முதல் 1879 மே 4இல் இறக்கும் வரை சபையில் இருந்தார்.

அவர் இறந்ததும் அந்த ஆசனத்துக்கு வந்தவர் அவருடைய மருமகன் பொன்னம்பலம் இராமநாதன். மருமகன் என்றால் அக்கா செல்லாச்சியின் மகன். இராமநாதன் 1892 வரை இருந்தார். அவருக்குப் பின் 1893இல் வந்தவர் அவருடைய சொந்த அண்ணன் பொன்னம்பலம் குமாரசுவாமி. இவர் 1898 வரை. இவர்தான் மூன்றாம் குமாரசுவாமி. தாய்வழிப் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இந்தப் பெயரைத் திரும்ப எடுத்து வந்தது. நம் குடும்பங்களிலும் இது நடப்பதுதான். தாத்தா பெயர் பேரனுக்கு, அப்பாயி பெயர் பேத்திக்கு. ஒரே குடும்பத்தில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்தால் முதலில் இந்தக் காரணத்தைத் தேடுங்கள்.

நான்காமவர் ஆனந்த குமாரசுவாமி. முத்து குமாரசுவாமியின் மகன். தாய் ஆங்கிலப் பெண்மணி, எலிசபெத் பீபி. 1877 ஆகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தார். தந்தை இறக்கும்போது அவருக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. முத்துவும் தன் தந்தையை இழந்தபோது ஏறக்குறைய அதே வயதுக் குழந்தைதான். ஆனந்தர் இங்கிலாந்தில் வளர்ந்து, புவிச்சரிதவியல் படித்து, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் துறையின் பணிப்பாளராக இருந்தார். தோரியனைட் என்ற கனிமத்தை 1904இல் இனங்கண்டவர் இவர். கல்லையும் மண்ணையும் தேடிக் கண்டிச் சீமை முழுக்க நடந்தபோதுதான் அங்குள்ள தச்சர், கொல்லர், நெசவாளர், ஓவியர் கைவேலைகளைக் கண்டார். அதிலிருந்து பிறந்தது 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல். அச்சிட்டது 425 பிரதிகள் மட்டுமே. 1917 முதல் பொஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்தில் பணியாற்றி, 1947 செப்டெம்பர் 9இல் அமெரிக்காவிலேயே மறைந்தார்.

கவனிக்க வேண்டிய இடம் இது. முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் குமாரசுவாமி என்பது சொந்தப் பெயர். முத்துவுக்கு அது தகப்பன் பெயர், ஆனந்தருக்குப் பாட்டன் பெயர். பிள்ளையாய் இருந்தபோது வைத்த பெயர் ஆனந்த. மேனாட்டு முறைப்படி பாட்டன் பெயர் பின்னால் போய்க் குடும்பப் பெயராகிவிட்டது. அதனால் நூலகப் பட்டியலில் "குமாரசுவாமி, ஆனந்த" என்று வரும். தமிழ் அகரவரிசையில் "ஆ"வின் கீழ்த் தேடினால் சில நூலகங்களில் கிடைக்காது. இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

அடுத்த பொறி முதலெழுத்து. ஆங்கிலத்தில் எழுதும்போது ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமியும் ஏ. குமாரசுவாமி. ஆனந்த குமாரசுவாமியும் ஏ. குமாரசுவாமி, நடுப்பெயரான கெந்திஷ் என்பதன் கே எழுத்தைச் சேர்க்க மறந்தால் வேறுபாடே தெரியாது. சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரும் (1854–1922) ஏ. குமாரசுவாமிதான். முதலாமவருக்கு அந்த எழுத்து ஆறுமுகம்பிள்ளை என்ற தகப்பன். புலவருக்கு அம்பலவாணப்பிள்ளை என்ற தகப்பன். ஆனந்தருக்கோ அது அவரே. ஒரே எழுத்துத்தான், ஆனால் இருவருக்குத் தகப்பனையும் ஒருவருக்கு மகனையும் குறிக்கிறது.

"பௌத்தம் பற்றி எழுதிய குமாரசுவாமி யார்?" என்று வினாவிடைப் போட்டியில் கேட்டால் அந்தக் கேள்வியே பிழை. தந்தை, மகன் இருவரும் எழுதியிருக்கிறார்கள். தந்தை முத்து 1874இல் பாளியிலிருந்து தாதாவம்சத்தை ஆங்கிலமாக்கினார். கண்டி தலதா மாளிகையில் இருக்கும் புனித தந்தத்தின் கதையைச் சொல்லும் நூல் அது. மகன் ஆனந்தர் புத்தரையும் அவர் போதனையையும் பற்றி 1916இல் நூல் வெளியிட்டார். கேள்வியில் ஆண்டைச் சேர்த்தால் போதும், விடை ஒன்றாகிவிடும். பௌத்தத்தையும் கைவேலையையும் விட்டு, தமிழ்ப் புலவர்களின் சரித்திரத்தைத் தொகுத்த குமாரசுவாமி என்று வந்தால் அது சுன்னாகத்துப் புலவர்.

சபை அறிக்கைகளைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "தமிழ் உறுப்பினர் குமாரசுவாமி பேசினார்" என்று மட்டும் ஒரு மேற்கோள் கிடைத்தால், பேசிய ஆண்டைக் கண்டுபிடிக்காமல் எழுதக் கூடாது. 1835–36 என்றால் பாட்டன். 1862–79 என்றால் மகன். 1893–98 என்றால் பேரன். இந்த மூன்று காலத்துக்கும் வெளியே ஓர் ஆண்டு வந்தால் மேற்கோளைச் சந்தேகியுங்கள். இடையில் சைமன் காசிச்செட்டி போன்ற வேறு உறுப்பினர்கள் இருந்திருக்கிறார்கள்.

பொன்னம்பலம் என்றால் தகப்பனா, மகனா

குமாரசுவாமியை விட அதிகம் குழப்புவது பொன்னம்பலம். பொன்னம்பல முதலியாரின் பிள்ளைகள் மூவர்: குமாரசுவாமி, இராமநாதன் (1851–1930), அருணாசலம் (1853–1924). பின்னிருவரும் சேர் பட்டம் பெற்றார்கள். ஆங்கில முறையில் சேர் என்ற பட்டத்துக்குப் பின்னால் முதற்பெயரைச் சொல்வார்கள். நம் முறையில் முதலில் நிற்பது தகப்பன் பெயர். ஆகவே பழைய ஆங்கிலப் பத்திரிகையில் "சேர் பொன்னம்பலம்" என்று வந்தால் அது அண்ணனா தம்பியா என்று அந்தச் சொல்லிலிருந்து சொல்லவே முடியாது. இருவரின் தகப்பனுக்கோ அந்தப் பட்டமே கிடையாது.

இது வெறும் பெயர்ச் சிக்கல் என்று விட முடியாது. மலையகத்துக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கியவர் அருணாசலம். தோட்டத் தொழிலாளியைக் கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் அருணாசலத்தின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும், 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானவரும் அவரே. இராமநாதன் பெயர் அதிகம் பேசப்படுவதால் தம்பியின் வேலை அண்ணன் கணக்கில் ஏறிவிடுகிறது. என் கருத்தில் இந்த ஒன்றை மட்டும் சரியாக எழுதினாலே நம் விழா மலர்கள் பாதி திருந்திவிடும்.

மூன்றாவது பொன்னம்பலம், ஜீ. ஜீ. பொன்னம்பலம் (1901–1977). இவருக்குப் பொன்னம்பலம் என்பது சொந்தப் பெயர். முன்னால் நிற்கும் எழுத்துகள்தான் முன்னோர். 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கியவர். "பொன்னம்பலம்" என்ற சொல் பெயரின் தொடக்கத்தில் நின்றால் தகப்பன், முடிவில் நின்றால் ஆள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலும் பிழைக்காது.

வேலுப்பிள்ளைக்கும் இதே விதி. மலையகத்தின் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளைக்கு (1914–1984) அது சொந்தப் பெயர். பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போனவர். எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் (1898–1977) பெயரில் இருக்கும் "வி" வேலுப்பிள்ளை என்ற அவருடைய தகப்பன். மலையக மக்களின் குடியுரிமைப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர் அவர். இருவரும் 1947 பாராளுமன்றத்தில் ஒரே காலத்தில் இருந்தவர்கள். அதனால் ஆண்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. தொகுதியைப் பார்க்க வேண்டும். ஒருவர் தலவாக்கலை, மற்றவர் காங்கேசன்துறை.

முதலெழுத்து எப்போதும் தகப்பன் என்று நினைத்தாலும் தவறு வரும். எஸ். தொண்டமான் என்பதில் எஸ் என்பது சௌமியமூர்த்தி, அவருடைய சொந்தப் பெயர். தொண்டமான் என்பது குடும்பப் பெயர். பாட்டன் சௌமியமூர்த்தி (1913–1999), பேரன் ஆறுமுகன் (1964–2020) இருவரும் அமைச்சர்களாக இருந்தவர்கள், இருவரும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸைத் தலைமை தாங்கியவர்கள். "அமைச்சர் தொண்டமான்" என்ற தலைப்போடு திகதி கிழிந்துபோன பத்திரிகைத் துண்டு கையில் இருந்தால், 1978இல் அமைச்சரவைக்குள் வந்தவர் பாட்டன் என்பதையும் அவர் 1999 ஒக்டோபரில் இறந்தார் என்பதையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். துண்டின் மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பட விளம்பரம், விலைவாசி, லொத்தர் முடிவு ஏதாவது ஒன்று ஆண்டைச் சொல்லிவிடும்.

தோட்டம் கற்றுக்கொடுத்த முறை

பெயரால் மட்டும் ஆளை அடையாளம் காண முடியாது என்பது தோட்டத்துக்குப் புதிதல்ல. ஒரு டிவிசனில் நாலு ராமசாமி, மூன்று கருப்பையா, ஆறு லெட்சுமி இருப்பது சாதாரணம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயரை மட்டும் கூப்பிட்டால் நாலு பேர் முன்னால் வருவார்கள். அதனால்தான் செக்ரோல் என்ற தோட்டப் பெயர்ப் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு நம்பர். வாய்ப்பேச்சில் மேட்டு லயத்து ராமசாமி, பெரிய கங்காணி வீட்டு ராமசாமி, முனியாண்டி மகன் ராமசாமி. இடம், வீடு, தகப்பன் என்ற இந்த மூன்றும் வரலாற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

முல்லோயா கோவிந்தன் என்று நாம் சொல்வது இதனால்தான். கோவிந்தன் என்ற பெயர் தோட்டந்தோறும் உண்டு. 1940 ஜனவரி 10இல் சம்பள உயர்வுக்கான வேலைநிறுத்தத்தின்போது ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் உயிர்விட்ட கோவிந்தன் ஒருவர்தான். தோட்டத்தின் பெயர் அவர் பெயரின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அதை நீக்கிவிட்டுக் "கோவிந்தன்" என்று மட்டும் பட்டியலில் போட்டால் அடுத்த தலைமுறைக்கு ஆளே தொலைந்துபோவார்.

சிவனு லெட்சுமணனும் அப்படியே. 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்றபோது சுடப்பட்டு இறந்த இளைஞன். சிவனு என்பது தகப்பன் பெயர். லெட்சுமணன் என்ற பெயரை எழுத்துக்கு எழுத்து வேறு வேறாக எழுதியிருப்பார்கள்: லெட்சுமணன், லெச்சுமணன், லட்சுமணன், இலட்சுமணன், இலக்குமணன். ஆங்கிலப் பதிவில் இன்னும் இரண்டு மூன்று வகை இருக்கும். இணையத்தில் தேடும்போது ஒரு வடிவத்தை மட்டும் போட்டு "கிடைக்கவில்லை" என்று முடிவு செய்யாதீர்கள். எல்லா வடிவத்தையும் தேடி, கூடவே "டெவன்" என்ற இடப்பெயரைச் சேருங்கள். இடப்பெயர் ஒன்று கூட இருந்தால் தேவையில்லாத லெட்சுமணன்கள் எல்லாரும் விலகிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட தொழிலாளர் பெயர்களில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பேன். சேர் பட்டம் பெற்றவர்களுக்கு ஆவணம் நிறைய இருக்கிறது. தவறு வந்தாலும் யாராவது திருத்துவார்கள். கோவிந்தனுக்கும் லெட்சுமணனுக்கும் நாம் எழுதுவதுதான் ஆவணம்.

வெள்ளைக்காரப் பெயர்கள்

மலைநாட்டு வரலாற்றில் ரொபர்ட்டுகள் பலர். கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்டுக் கண்டி அரசில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் எல்லாருக்கும் தெரியும். 1679இல் தப்பி, 1681இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்டவர். அவரோடு பிடிபட்ட கப்பல் தலைவரான தகப்பன் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான். தகப்பன் 1661இல் காய்ச்சலில் இங்கேயே இறந்துவிட்டார். ஆகவே "கப்டன் நொக்ஸ் கண்டியில் இறந்தார்", "கப்டன் நொக்ஸ் தப்பி நூல் எழுதினார்" என்று இரண்டு வாக்கியம் இரண்டு புத்தகத்தில் இருந்தால் இரண்டும் சரி, ஆட்கள் வேறு. மூன்றாவது ரொபர்ட் நொக்ஸ் எடின்பரோ உடற்கூற்று வைத்தியர் (1791–1862), இலங்கைக்குத் தொடர்பே இல்லாதவர். இணையத்தில் நொக்ஸ் படம் தேடினால் இவர் முகமும் வரும்.

ரொபர்ட் பிரவுன்றிக் 1812 முதல் 1820 வரை தேசாதிபதி. 1815 கண்டி ஒப்பந்தம் அவர் காலம். ரொபர்ட் வில்மட் ஹோட்டன் 1831 முதல் 1837 வரை தேசாதிபதி. ஹோட்டன் சமவெளி அவர் பெயரில் இருக்கிறது. "தேசாதிபதி ரொபர்ட்" என்று எழுதினால் இருவரில் யார் என்று தெரியாது. இவர்களைக் குடும்பப் பெயரால்தான் எழுத வேண்டும். நம் ஆட்களைச் சொந்தப் பெயராலும் வெள்ளைக்காரரைக் குடும்பப் பெயராலும் அட்டவணைப்படுத்துவது நல்ல வழி. ஒரே மலரில் இரண்டு முறையையும் கலந்து போட்டால் அட்டவணை பயன்படாது.

ஹப்புத்தளையில் உள்ள குழப்பம் தோமஸ். ஊரிலிருந்து கிழக்கே போனால் தம்பேதன்னைத் தொழிற்சாலை, சேர் தோமஸ் லிப்டன் (1848–1931). மேற்கே போனால் அடிசம் பங்களா, சேர் தோமஸ் வில்லியர்ஸ் (1869–1959). சுற்றுலா வருகிறவர்களுக்கு "இது சேர் தோமஸ் கட்டியது" என்று சொல்லிவிட்டால் அவர்கள் அடிசத்தையும் லிப்டன் கணக்கில் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். லிப்டன் 1890இல் இங்கே வந்து தோட்டம் வாங்கினார். அடிசம் 1931இல் கட்டப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் லிப்டன் இறந்துவிட்டார். இந்த ஒரு ஆண்டைச் சொன்னால் குழப்பம் தீரும். கண்டி வீதி போட்ட தோமஸ் ஸ்கின்னர் (1804–1877) வேறு. 1805 முதல் 1811 வரை தேசாதிபதியாக இருந்த தோமஸ் மெயிற்லண்ட் வேறு; அவர் போன பிறகுதான் கண்டி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவரை மலைநாட்டு வீதிகளோடு சேர்க்கக் கூடாது.

ஜேம்ஸ் டெய்லருக்கு இன்னொரு வகைத் தொல்லை. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவரும் (1835–1892) அமெரிக்கப் பாடகர் ஒருவரும் முழுப் பெயரிலேயே ஒன்று. தேடுபொறி பாடகரைத்தான் முதலில் காட்டும். "தேயிலை" அல்லது "லூல்கந்துர" என்று சேர்த்துத் தேடுங்கள். நம்மவருடைய கல்லறை கண்டி மஹையாவையில் இருக்கிறது.

ராஜசிங்கர்கள்

அரசர் பெயர் சொந்தப் பெயரல்ல, முடிசூடும்போது வருவது. ஆனாலும் பிள்ளைகள் இடறும் இடம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்டியில் "முதலாம் ராஜசிங்கன்" என்று ஒருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். முதலாமவர் சீதாவக்கை அரசர் (1581–1593). எண்ணிக்கை அங்கிருந்து தொடங்குகிறது. கண்டியின் இரண்டாம் ராஜசிங்கன் 1635 முதல் 1687 வரை ஆண்டார். 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயரை முறியடித்தவர், நொக்ஸைச் சிறைவைத்தவர். அதன் பின் எண் நின்றுவிட்டு முன்னடை வருகிறது. ஸ்ரீ விஜய (1739–1747), கீர்த்தி ஸ்ரீ (1747–1782), இராஜாதி (1782–1798), ஸ்ரீ விக்கிரம (1798–1815). இந்த நால்வரும் நாயக்கர் வழி. பிக்குகளின் உயர் துறவுச் சடங்கான உபசம்பதாவை 1753இல் மீட்டவர் கீர்த்தி ஸ்ரீ. கண்டிக் குளத்தைக் கட்டியவர் ஸ்ரீ விக்கிரம. பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி, இறந்தது 1832இல் வேலூரில். முன்னடையை வெட்டிவிட்டு "ராஜசிங்கன்" என்று மட்டும் எழுதினால் குளமும் உபசம்பதாவும் ஒருவர் செய்ததாகிவிடும். படத்தின் கீழோ தலைப்பிலோ இடம் போதாவிட்டால் "ராஜசிங்கன்" என்பதை வெட்டுங்கள், முன்னடையை அப்படியே வையுங்கள்.

அட்டை போடும் முறை

மலர் தயாரிக்கும் குழுவுக்கு நான் சொல்வது இது. ஆளுக்கு ஓர் அட்டை. தபாலட்டை அளவு போதும். மேல் வரியில் சொந்தப் பெயர், அதன் கீழ் தகப்பன் பெயர். இரண்டையும் ஒரே வரியில் எழுத வேண்டாம். எழுதினால் எது எதுவென்று பிறகு தெரியாது. அடுத்து பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும். அடுத்து ஊர், தோட்டத்து ஆள் என்றால் தோட்டமும் டிவிசனும். பதவி இருந்தால் பதவியோடு அதன் தொடக்கமும் முடிவும். கடைசியாக, வேறு யாரும் செய்யாத, அவர் மட்டும் செய்த ஒரு காரியம். முத்து குமாரசுவாமிக்குத் தாதாவம்ச மொழிபெயர்ப்பு, அருணாசலத்துக்குத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம். இந்தக் கடைசி வரியை எழுத முடியாவிட்டால் அந்த ஆளைப் பற்றி இன்னும் போதிய தகவல் இல்லை என்று பொருள். அட்டையை முடிக்காமல் வையுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் "இவரல்லாதவர்" என்று தலைப்பிட்டு, அதே பெயருள்ள மற்றவர்களை ஆண்டோடு எழுதுங்கள். திருத்தம் பார்ப்பவருக்கு இந்தப் பின்பக்கந்தான் உதவும்.

புதிதாக ஒரு தகவல் வந்தால் முதலில் ஆண்டோடு பொருத்துங்கள். அந்த ஆண்டில் ஆள் உயிரோடு இருந்தாரா, எத்தனை வயது? 1815 கண்டி ஒப்பந்தக் காலத்துச் சம்பவம் ஒன்றை முத்து குமாரசுவாமியோடு சேர்த்திருந்தால், அவர் பிறக்கப் பத்தொன்பது ஆண்டு இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஆண்டு பொருந்தினால் ஊரோடு பொருத்துங்கள். ஊரும் பொருந்தினால் பதவி. மூன்றும் பொருந்தாத தகவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சேர்க்க வேண்டாம். ஒன்று மட்டும் பொருந்தாவிட்டால் அதே பெயரில் அண்ணன், தம்பி, தகப்பன், பாட்டன் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலான குழப்பம் குடும்பத்துக்குள்ளேதான்.

படம் தனிச் சிக்கல். பெயர் சரியாக இருந்து படம் மாறினால் யாரும் கவனிக்கமாட்டார்கள், அப்படியே இன்னும் பத்து மலருக்குப் போகும். புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி 1836இல் இறந்தவர். ஆகவே அவர் பெயரில் ஒரு புகைப்படம் கிடைத்தால் அது அவருடையதல்ல. மகனோ பேரனோ வேறொருவரோ. ஓவியம் என்றால் வரைந்தவரையும் ஆண்டையும் கேளுங்கள். கண்டி நொக்ஸுக்கும் இதே கணக்கு. புகைப்படம் வந்தால் எடின்பரோக்காரர் என்று எடுத்துக்கொண்டு சோதியுங்கள். பொன்னம்பலம் சகோதரர் படங்களில் முகத்தை வைத்து முடிவு செய்வது ஆபத்து, உடன்பிறந்தவர்களுக்குச் சாயல் இருக்கும். படத்தின் அடிக்குறிப்பு முதன்முதலில் எந்த வெளியீட்டில் வந்தது என்று தேடி, அங்கே இருக்கும் பெயரையே எடுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் இன்னொரு வேலை இருக்கிறது. மலர் முழுவதிலும் ஓர் ஆளின் பெயர் முதல் முறை வரும்போது முழுமையாகவும் ஆண்டோடும் வர வேண்டும். இரண்டாம் முறையிலிருந்து சுருக்கலாம். ஆனால் அதே பக்கத்தில் அதே பெயருள்ள இன்னொருவரும் வந்தால் சுருக்கக் கூடாது. "இராமநாதனுக்குப் பின் அவர் அண்ணன் பொன்னம்பலம் குமாரசுவாமி, அதற்கு முன் மாமன் முத்து குமாரசுவாமி" என்று நீளமாக எழுதினாலும் பரவாயில்லை. பக்க வடிவமைப்பாளர் இடம் போதவில்லை என்று முதல் பாதியை வெட்டுவார். அதைத் தடுக்கத் திருத்தப் பிரதியில் பெயர்களுக்குக் கீழ்ச் சிவப்புக் கோடு போட்டு "வெட்டக் கூடாது" என்று ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். முதலெழுத்தும் பெயரும் இரண்டு வரியில் உடைந்து போகாமலும் பார்க்கச் சொல்லுங்கள். "எஸ்." ஒரு வரியின் முடிவிலும் "தொண்டமான்" அடுத்த வரியின் தொடக்கத்திலும் நின்றால், அவசரமாகப் படிக்கும் பிள்ளை முதலெழுத்தை விட்டுவிட்டுத்தான் மேடையில் வாசிக்கும்.